பேதி வார்டின் சைபர்

டெல்பின் சிஸ்டரைப் பற்றி அந்த ஆற்றங்கரை ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ஒன்று, வாய் கொஞ்சம் நீளம். ஊசி போடும்போது கையை இழுத்தவனை, அவன் தாத்தாவிலிருந்து தொடங்கித் திட்டி முடிப்பாள். இன்னொன்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற நோயாளியோடு வண்டியில் தானும் ஏறிக்கொள்வாள். டியூட்டி முடிந்திருந்தாலும் ஏறுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பி வாசல்படியில் நின்றாலும் திரும்பி வந்து ஏறுவாள்.

எப்பேர்ப்பட்ட இரக்க குணம் என்று ஊர் மெச்சும். இரக்கமாவது, குணமாவது! அவள் காதில் விழுகிற மாதிரி யாராவது அப்படிச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். தொண்ணூற்று இரண்டாம் வருஷத்து வெள்ளத்துக்குப் பின்னால் வந்த பேதியில் வந்த பழக்கம் அது.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. உவரிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. அப்பா வியாகுலம் கட்டுமரத்தில் போய் வளர்த்த நான்கு பெண்களில் மூத்தவள். பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடித்து, தாலுகா ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் வில்சன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். வாரத்துக்கு ஒரு நாள் பஸ் ஏறி வந்து, மறுநாள் விடிவதற்குள் போய்விடுவான். அங்கேயே மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்திருந்தாள்.

மாற்றல் கேட்டது வில்சனுக்காக மட்டும் இல்லை. வேலை அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. ஊசிகளை வேகவைப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது, ரிஜிஸ்தரில் பேர் எழுதுவது, எழுதின ரிஜிஸ்தரை இன்னொரு ரிஜிஸ்தரில் எழுதுவது. பன்னிரண்டு வருஷத்தில் மேலே இருந்து வந்த எந்த அதிகாரியும், உன் கையால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டதில்லை. பஞ்சு எத்தனை கட்டு இருக்கிறது என்றுதான் கேட்டார்கள். சமையல்காரிக்காவது சாப்பிட்டவர்கள் நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார்கள், நமக்கு அதுவும் கிடையாது என்று வில்சனிடம் அலுத்துக்கொள்வாள்.

அந்த ஐப்பசிக் கடைசியில் தாமிரபரணி கரை மீறி வந்தது. தண்ணீர் வடிந்த கையோடு, கார்த்திகையில் பேதி தொடங்கிவிட்டது. ஆற்றில் மிதந்து வந்ததெல்லாம் கிணறுகளுக்குள் போயிருந்தது. வாந்தியும் பேதியுமாய் ஒருநாளைக்கு மூன்று பேர், நான்கு பேர் என்று வந்தவர்கள் பத்து, பதினைந்து என்று ஆனார்கள். பிள்ளைகளைக் காட்டிலும் பெரியவர்களைப் போட்டு அடித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடம் இல்லாமல், எதிரே இருந்த பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, அதன் பெரிய வகுப்பறையைப் பேதி வார்டு ஆக்கினார்கள். நடுவில் ஓட்டை போட்ட கித்தான் கட்டில்கள் இருபத்திரண்டு. ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில், ஓட்டைக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் வாளி. போவதெல்லாம் அந்த வாளிக்குள் போகும்.

வார்டு தயார், வேலை பார்க்க ஆள்தான் இல்லை. ஒருத்திக்கு மாமியார் சீக்கு. ஒருவனுக்குத் திடீரென்று முதுகுவலி. டெல்பினும் லீவு எழுதிக்கொடுக்கத்தான் இருந்தாள். டாக்டர் சிவசைலம் முந்திக்கொண்டு, சிஸ்டர் நீங்க இருக்கீங்க என்கிற தைரியத்தில்தான் வார்டைத் திறக்கிறேன் என்று சொல்லிவிட்டார். மனுஷன் பசப்பு பேசுகிறவர் இல்லை. அதனால் எழுதின லீவுச் சீட்டைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

வாளி தூக்க வந்தவள் மாடத்தி. களக்காட்டுப் பக்கத்துக்காரி, நாற்பத்தைந்து வயதிருக்கும், புருஷன் இல்லை. ஒன்பது வருஷமாய் ஆஸ்பத்திரியில் தினக்கூலிக்குத் தரை கூட்டுகிறவள். பெர்மனன்ட் ஆகும், ஆகும் என்று ஒன்பது வருஷமும் சொல்லிச் சொல்லியே வேலை வாங்கியிருந்தார்கள். பயமாயில்லையா என்று டெல்பின் கேட்டதற்கு, பயப்படுகிறவர்கள் எல்லாம் பெர்மனன்ட் ஆனவர்கள் என்று சொல்லிவிட்டு மாடத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். டெல்பினுக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த வாய் பிடித்துப்போயிற்று, தன் வாயைப் போலவே இருந்ததால்.

முதல் இரண்டு நாளில் மூன்று பேர் செத்தார்கள். மூன்று பேருக்கும் டிரிப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டர் தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். எவ்வளவு போகிறது என்று தெரியாமல் ஏற்றுகிறோம் என்றார்.

"போனதை அளக்கணும், அளந்ததைத் திருப்பி ஏத்தணும். இவ்வளவுதான் சிஸ்டர் இதுக்கு வைத்தியம். மருந்தெல்லாம் அப்புறம். அளக்கத்தான் ஆள் இல்ல."

மாடத்தி வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு எழுந்து வந்தாள்.

"நான் பாத்துச் சொல்லுதேன், சிஸ்டர் எழுதிக்கிடட்டும். எனக்கு எழுதத்தான் தெரியாது, எண்ணத் தெரியும்."

அன்றைக்கே சிவப்புப் பெயின்ட் வாங்கிவந்து, லிட்டருக்கு ஒரு கோடாக எல்லா வாளிக்குள்ளும் கோடு போட்டார்கள். ஒவ்வொரு மணிக்கும் மாடத்தி குனிந்து பார்த்துக் கட்டில் நம்பரும் கோடும் சொல்வாள். டெல்பின் சீட்டில் எழுதி, அதற்குத் தக்கபடி பாட்டிலை வேகமாக்குவாள். ஒரு கையில் போதாதென்றால் இரண்டு கையிலும் ஏற்றுவாள். கண் மூடுவதற்கு நேரம் இல்லை. மாடத்தி ஊருக்குப் போகாமல் பள்ளிக்கூடத்து வராந்தாவிலேயே படுத்து எழுந்தாள்.

மூன்றாம் நாள் தாவூது அண்ணாச்சியைக் கொண்டுவந்தார்கள். நாங்குநேரியில் வாழைக்காய் வியாபாரம் செய்கிறவர், சரக்கு பிடிக்க வந்த இடத்தில் பிடித்துக்கொண்டது. கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி நான்கு பேர் தூக்கிவந்தார்கள். கண் உள்ளே போய்விட்டது. நாடி இல்லை. தோலைக் கிள்ளினால் கிள்ளினது அப்படியே நின்றது. கூட வந்தவர்கள் அப்போதே அழத் தொடங்கிவிட்டார்கள். டெல்பின் அவர்களை ஓர் அதட்டல் போட்டு வெளியே தள்ளிவிட்டு, சுருங்கின நரம்பை எப்படியோ தேடிப் பிடித்து ஊசியைக் குத்தினாள். காலையில் ஆறு பாட்டில், மத்தியானம் நான்கு. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது அண்ணாச்சி கண்ணைத் திறந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எழுந்து உட்கார்ந்து, ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டார்.

டெல்பின் சிரித்தாள். சிரித்தவள் அப்படியே அழுதாள். பன்னிரண்டு வருஷ வேலையில் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. டி.பி.காரனுக்கு மாதக்கணக்கில் ஊசி போட்டாலும், தேறினானா இல்லையா என்று தெரியாது, பாதியில் நின்றுவிடுவான். இந்தப் பேதியில் காலையில் பிணமாய் வந்தவர் சாயங்காலம் டீ கேட்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அதைப் போன்ற போதை உலகத்தில் கிடையாது. அன்றிலிருந்து அவளுக்குப் பசியில்லை, அலுப்பில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து, குளித்து, வெள்ளைச் சேலையில் வார்டுக்குள் நுழையும்போது மனசு துள்ளியது. தூத்துக்குடிக்கு மாற்றல் உத்தரவு வந்தது மார்கழி நடுவில். பேதி அடங்கட்டும் என்று எழுதிக்கொடுத்து அதை நிறுத்திவைத்தாள். வில்சன் இரண்டு வாரம் பேசவில்லை.

வகுப்பறைச் சுவரில் கரும்பலகை இருந்ததல்லவா? அதன் மூலையில் வாத்தியார் தினமும் மாணவர் எண்ணிக்கை எழுதும் கட்டம் இருந்தது. அதில் டெல்பின் தினமும் காலையில் சாக்பீஸால் எழுதத் தொடங்கினாள்: இருப்பவர், வீடு போனவர், இறப்பு. தாவூது அண்ணாச்சி பிழைத்த நாளிலிருந்து இறப்புக்கு நேரே சைபர்தான். ஒரு வாரம் சைபர். பத்து நாள் சைபர். மாடத்திக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் அந்த வட்டம் தெரியும். காலையில் முதல் வேலையாக வந்து நின்று, "இன்னைக்கும் சைபருதானே சிஸ்டரம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தொடுவாள். அதுவரை "ஏ ஆயா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த டெல்பின், எந்த நாளிலிருந்து "மாடத்தியக்கா" என்று மாறினாள் என்பது அவளுக்கே தெரியாது. வந்து படுத்தவர்களும் கூட அந்த மூலையைப் பார்த்தார்கள். நமக்கு ஒன்றும் ஆகாது என்று தைரியம் கொண்டார்கள். நல்லதுக்குத்தான் அவள் அதை எழுதினாள்.

சைபர் ஊரைத் தாண்டிப் பேர் வாங்கியது. மற்ற இடங்களில் ஆள் செத்துக்கொண்டிருக்க, இங்கே ஒரு சாவும் இல்லை என்று மாவட்டம் முழுக்கத் தெரிந்தது. தை மாதம் பிறந்ததும் டாக்டர் சிவசைலம் ஒரு கடிதத்தோடு வந்தார். ஜனவரி இருபத்தாறு, குடியரசு தினக் கொடியேற்றத்தில், கலெக்டர் கையால் டெல்பினுக்குப் பாராட்டுச் சான்றிதழ். இத்தனை நாள் ஓர் உயிரும் போகாமல் காத்த வார்டு என்று மேடையில் வாசிப்பார்கள்.

டெல்பின் மாடத்தி பேரையும் சேர்க்கச் சொன்னாள். தினக்கூலிக்காரிக்கு அதெல்லாம் கொடுக்க விதி இல்லை என்று பதில் வந்தது. அவளுக்கு வந்ததே கோபம். வராந்தாவில் வாளி கழுவிக்கொண்டிருந்த மாடத்தி முன்னால் போய் நின்றாள்.

"மாடத்தியக்கா, நான் மேடையில் வச்சே கலெக்டர்ட்ட கேக்கப் போறேன். உங்க பேரைச் சொல்லி, பெர்மனன்ட் ஆக்குங்கன்னு. இருபத்தாறாம் தேதி வரைக்கும் அந்தச் சைபர் மட்டும் அப்படியே இருக்கணும். அது இருந்தாத்தான் நான் வாயைத் திறக்க முடியும்."

மாடத்தி வாளியைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கரும்பலகைப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஒன்பது வருஷத்தில் அவளிடம் பெர்மனன்ட் பற்றிப் பேசினவர்களில், பேச வேண்டிய இடத்தையும் நாளையும் சேர்த்துச் சொன்னது டெல்பின் ஒருத்திதான்.

இங்கேதான் டெல்பின் ஒரு காரியம் செய்தாள். அவள் நல்லவள்தான், அதற்காக மூடி மறைக்க முடியாது.

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள், பாபநாசம் என்ற பெரியவரைக் கொண்டுவந்தார்கள். ரிட்டயர் ஆன தபால்காரர். இரண்டு நாள் வீட்டிலேயே வைத்திருந்து, முடியாமல்போன பிறகு எடுத்துவந்திருந்தார்கள். டிரிப் ஏற்றினதில் பேதி நின்றுவிட்டது. ஆனால் மூத்திரம் ஒரு சொட்டு இல்லை. உடம்பு வீங்கத் தொடங்கியது. நினைவு தப்பித் தப்பி வந்தது. இவருக்குப் பெரிய ஆஸ்பத்திரிதான் வேண்டும், ஆனால் நாடி இந்த நிலையில் வண்டி ஆட்டம் தாங்காது, நாளைக்குக் காலை வரை பார்த்து அனுப்பலாம் என்றார் டாக்டர்.

டெல்பினுக்கு நாளைக்குக் காலையில் என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டது. நாளெல்லாம் நாடி பிடிக்கிற கைக்கு அது தெரியாமல் போகுமா? விடியும்போது அந்தச் சைபரை அழித்துவிட்டு ஒன்று போட வேண்டியிருக்கும். அவள் டாக்டரை விடவில்லை. இங்கே வைத்து என்ன செய்யப் போகிறோம், அங்கே போனால் ஒரு வழி இருக்கிறது, மகனும் கொண்டுபோகத்தான் சொல்கிறான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் சொன்ன காரணம் வேறு. டாக்டரும் மூன்று நாளாய்த் தூங்காதவர், எழுதிக்கொடுத்துவிட்டார். மத்தியானம் வண்டி கிளம்பியது. கூட நர்ஸ் யாரும் போகவில்லை, இருந்தது டெல்பின் ஒருத்தி. பெரியவர் பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியை எட்டுவதற்கு முன்னாலேயே போய்விட்டார் என்று டிரைவர் வந்து சொன்னான்.

மறுநாள் காலையில் டெல்பின் பலகையில் சைபர் எழுதினாள். கை ஒரு நொடி நின்றது, பிறகு எழுதியது. பின்னால் மாடத்தி நின்றாள்.

"அந்தப் பெரியவரு நம்ம கணக்குல வரமாட்டாரா சிஸ்டரம்மா?"

"நம்ம வார்டுல சாகலைல்லா. வரமாட்டாரு."

மாடத்தி சரி என்று தலையாட்டினாள். எதையும் ஒருமுறை சொன்னால் பிடித்துக்கொள்கிறவள் அவள்.

இருபத்தொன்றாம் தேதி. வார்டில் கூட்டம் குறைந்து ஒன்பது பேர்தான் இருந்தார்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. எத்தனை பேருக்கு எத்தனை பாட்டில், என்ன முறையில் சிகிச்சை என்று நான்கு பக்கம். டெல்பின் மேஜையில் கவிழ்ந்து அதை நிரப்பிக்கொண்டிருந்தாள். மாடத்தி வந்து பக்கத்தில் நின்றாள். பேரப்பிள்ளைக்குச் சளி என்று மகள் சொல்லிவிட்டிருக்கிறாள், ஊருக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். குரல் கம்மிப் போயிருந்தது.

அந்தக் குரலைத்தான் சொல்ல வேண்டும். பேதியில் உடம்பு வற்றும்போது முதலில் தொண்டை கம்மும். வாசலில் நின்று ஒருவர் பேர் சொன்னாலே, குரலை வைத்து இவருக்கு இரண்டு கை டிரிப் என்று சொல்லிவிடுவாள் டெல்பின். இரண்டு மாதத்தில் அப்படி எத்தனை பேரைக் கண்டுபிடித்திருப்பாள்! அன்றைக்குப் படிவத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தொண்டை கட்டியிருக்கு, சுக்குத் தண்ணி போட்டுக் குடிங்கக்கா. இருபத்தஞ்சுக்குள்ள வந்திரணும், நீங்க இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்."

உப்புச்சர்க்கரைப் பொட்டலம் நான்கு எடுத்துக்கட்டுமா, பிள்ளைக்கு ஆகும் என்று மாடத்தி கேட்டாள். எடுத்துக்கோங்க என்று டெல்பின் கையை மட்டும் அசைத்தாள். சளிக்கு எதற்கு உப்புச்சர்க்கரைத் தண்ணீர் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

இருபத்து மூன்று போயிற்று, இருபத்து நான்கு போயிற்று. மாடத்தி வரவில்லை. டெல்பினுக்கு எரிச்சல். மகள் பிடித்து வைத்துக்கொண்டிருப்பாள், நல்ல நாளில் இப்படிக் காலை வாருகிறாளே என்று வாய்க்குள் திட்டினாள். ஆள் அனுப்பிப் பார்க்க அவளுக்குக் கை ஒழியவில்லை. வராந்தாவுக்கு வெள்ளையடித்தார்கள், வாளிகளை வெயிலில் கவிழ்த்தார்கள். வில்சனும் கோபம் தணிந்து வந்துசேர்ந்தான். அவளுடைய சேலையை அவனே கஞ்சி போட்டுத் தேய்த்தான்.

இருபத்தாறாம் தேதி காலை, பாளையங்கோட்டை மைதானத்தில் டெல்பின் மேடை ஏறினாள். மைக்கில் அவள் பேரையும் ஊரையும் சொல்லி, ஐம்பது நாளுக்கு மேலாக ஓர் உயிரும் போகாமல் காத்தவர் என்று வாசித்தார்கள். மைதானம் கை தட்டியது. வேலையை வெறுத்து லீவுச் சீட்டு எழுதினவள் நான்தானா என்று அவளுக்கே ஆச்சரியம். சான்றிதழை வாங்கின கையோடு கலெக்டரிடம் மாடத்தியைப் பற்றிச் சொல்லிவிட்டாள். ஒன்பது வருஷம், தினக்கூலி, அவள் கண்தான் இத்தனை பேரையும் பிழைக்கவைத்தது. பின்னால் நின்றவர்கள் நெளிந்தார்கள். கலெக்டர் மட்டும் முழுதும் கேட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் பேரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு மனு எழுதிக் கொடுங்கள், நானே பார்க்கிறேன் என்றார்.

அதற்கு மேல் அவளுக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. வில்சனை ஊருக்கு அனுப்பிவிட்டு, கஞ்சி போட்ட சேலையோடு களக்காட்டு பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் மனசுக்குள் பேசிக்கொண்டே போனாள். வராமல் போனதற்கு முதலில் நன்றாகத் திட்ட வேண்டும். திட்டி முடித்து, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் நேரம் நிற்க வேண்டும். அதன் பிறகுதான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். மாடத்தி எப்படி வாயைப் பொத்திக்கொள்வாள் என்று நினைத்து, தனியாகச் சிரித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

களக்காட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி, மாடத்தி வீடு எது என்று விசாரித்தாள். வழி காட்டினவர் அவள் முகத்தையும் பார்க்கவில்லை, கையில் இருந்த சுருட்டின காகிதத்தையும் பார்க்கவில்லை. விரலை மட்டும் நீட்டிவிட்டுப் போனார். ஓட்டு வீடு. வாசல் கழுவி விட்டிருந்தது. உள்ளே மாடத்தியின் மகள் முப்பிடாதி தலையை முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது. சுவரோரத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அது சாவு வீட்டு விளக்கு என்று பார்த்ததுமே தெரிந்துகொண்ட டெல்பின், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

முப்பிடாதி எழுந்திருக்க முயன்றாள். டெல்பின் அவள் தோளை அழுத்தி, தானும் தரையில் உட்கார்ந்தாள். முந்தாநாள் காலையில் என்று மட்டும் முதலில் முப்பிடாதியால் சொல்ல முடிந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஊருக்கு வரும்போதே அம்மாவுக்குப் பேதி போய்க்கொண்டிருந்தது. பிள்ளைக்குச் சளி என்றெல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டு வாளிக்குள் கரியால் கோடு போடச் சொன்னாள். மணிக்கு ஒருதரம் எத்தனை கோடு என்று கேட்டுக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி தானே உப்புச்சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து குடித்தாள். நான் நூறு பேரைப் பார்த்தவளாக்கும், இரண்டு நாளில் எழுந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் வாந்தியும் சேர்ந்துகொண்டது. குடித்ததெல்லாம் வெளியே வந்தது.

"ஏன்ட்டி என்கிட்ட கொண்டுவரல?" என்று டெல்பின் கேட்டாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "முக்கால் மணி நேரம். பஸ்ஸுல ஏத்தியிருந்தா முக்கால் மணி நேரம்தானே. ரெண்டு கையிலும் ஏத்தியிருப்பேன். சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்திருப்பாளே."

முப்பிடாதி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"நான் தூக்கத்தான் பாத்தேன் சிஸ்டரம்மா. அவ தூணைப் பிடிச்சுக்கிட்டு வரமாட்டேன்னுட்டா. 'நல்லா இருந்தா நானே போவேன், இனி போனா அங்கன செத்தாலும் செத்திருவேன். சிஸ்டரம்மா கணக்குல நான் வந்திரக் கூடாதுட்டி'ன்னா. பெறவு களக்காட்டு ஆஸ்பத்திரிக்காவது வான்னு கெஞ்சினேன். அதுக்குச் சரின்னா. வேன் வாரதுக்குள்ள முடிஞ்சிட்டு."

அந்தப் பாடத்தை மாடத்திக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று டெல்பினுக்குத் தெரியும். தபால்காரப் பெரியவரை வண்டியில் ஏற்றிவிட்டு, மறுநாள் காலையில் சாக்பீஸ் பிடித்த கை இதோ, மடியில்தான் கிடந்தது. வேலை பிடித்துப்போனதாம், மனசு துள்ளினதாம்! அந்தச் சந்தோஷத்தில் பாதியைத் தூக்கி இவளுக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு எதைக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தவள், கையில் இருந்த சான்றிதழை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். கலெக்டர் பேர் எழுதிக்கொண்டதைச் சொல்லத்தான் வந்தாள். அதை இனி எப்படிச் சொல்வது?

முப்பிடாதி பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதையோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. டெல்பின் அவள் கையைப் பிடித்தாள்.

"கேளும்மா."

"ஒண்ணுமில்ல சிஸ்டரம்மா. அவ அங்கன வேலை பாத்தவதான். ஆனா வீட்டுலதான் போனா. உங்க கணக்குல வராதுல்லா? நினைவு இருந்தது வரைக்கும் அதைத்தான் கேட்டுக்கிட்டே கெடந்தா. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்."

டெல்பினுக்கு, அவள் கணக்கில் வருவாள் என்று கத்த வேண்டும் போல இருந்தது. இருந்த ஒரே கணக்கு அவள்தான், மற்றதெல்லாம் சும்மா என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஆனால் எதிரே, தாயின் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் இரண்டு நாளாய்த் தவித்துக்கொண்டிருந்தவள் உட்கார்ந்திருந்தாள். செத்துப்போனவள் எதற்காகத் தூணைப் பிடித்தாளோ, அது வீணாய்ப் போயிற்று என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

"வராதும்மா," என்றாள் டெல்பின்.

"அப்போ சரி," என்றாள் முப்பிடாதி. அவள் முகத்தில் இருந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. அதைப் பார்த்த பிறகு டெல்பினால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டியவள் தான்தான் என்பதையும் மறந்து, அந்தச் சாணித் தரையில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதாள். முப்பிடாதிதான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, அழாதீங்க சிஸ்டரம்மா, நீங்க என்ன செய்விய என்று தேற்றிக்கொண்டிருந்தாள்.